பார்க்க வந்த ஊர்

அமெரிக்காவில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்கள் அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கம் போய்க் குடியேற நினைத்தால், அந்தப் பாலைவனத்து ஊர்கள் முதலில் வீட்டுக்கு வந்து அவர்களைப் பார்க்கும். பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால், போய் லெட்டர் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகும். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வரும், ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்பிவிடும்.

ஒஹாயோவில் முப்பத்தாறு வருஷம் காலம் தள்ளிய கோமதிக்கும் ஆவுடையப்பனுக்கும் இது மூன்றாவது ஊர். போன பனிக்காலத்தில் வாசலில் உறைந்த பனியில் வழுக்கி கோமதி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். முழங்கால் இரண்டும் அதற்கு முன்பே போயாச்சு. வெயில் உள்ள இடமாகப் பாருங்கள், இன்னொரு பனிக்காலம் இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது அக்டோபர் கடைசி.

முதலில் வந்த சன்னி மெசா பெரிய இடம். கோல்ஃப் மைதானத்தை வெளியே கார் பக்கத்தில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தது. பஜ்ஜியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றது. எல்லாம் கூடி வந்த நேரத்தில் ஆவுடையப்பன் வாயைத் திறந்தார்.

"நமக்குக் கல்லிடைக்குறிச்சி. வீட்டுக்குப் பின்னாலயே வாய்க்கா. இன்னைக்கும் ஒரு நாளைக்கு மூணு வேளை குளிப்பேன். திறந்தா கால் மணி நேரம் ஷவரை மூட மாட்டேன்."

குடும்பத்தின் சுத்தபத்தத்தை எடுத்துச் சொன்னதாக மனுஷனுக்கு நினைப்பு. வருஷத்துக்கு நாலு தூறல் பார்க்கிற ஊரிடம் பேசுகிற பேச்சா இது? சன்னி மெசாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அடுத்த வாரம் வந்த கோல்டன் காக்டஸிடமும் இதையே ஒப்பித்தார், குற்றால அருவியையும் சேர்த்துக்கொண்டார். அது கேசரியைத் தொடாமலே எழுந்து போனது.

"இன்னைக்குத் தண்ணின்னு ஒரு வார்த்தை வாயில வரக் கூடாது, சொல்லிட்டேன்," என்றாள் கோமதி, ரவையைக் கிளறிக்கொண்டே.

"தாகம் எடுத்தா?"

"எடுக்கக் கூடாது."

மூன்றாவது ஊரான டின் ஸ்பூன் மூன்றரை மணிக்கு வந்தது. ஒல்லியான ஊர். இருந்தது ஒரே தெரு, அதையும் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தது. துணைக்குப் பெரியப்பா முறையில் ஒரு மலை வந்தது. கூரை இடித்ததால் மலை வெளியிலேயே நின்று, காபியை ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டது.

தனக்கு இது இரண்டாந்தாரம் என்பதை டின் ஸ்பூன் ஒளிக்காமல் சொன்னது. செம்புச் சுரங்கம் ஓடிய காலத்தில் நாலாயிரம் பேரோடு வாழ்ந்த ஊர். சுரங்கத்தை மூடியதும் அத்தனை பேரும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் அறுபத்தொரு பேர். கோமதிக்குப் பாவமாக இருந்தது. முந்திரி அதிகமாகக் கிடந்த பக்கமாகப் பார்த்துக் கேசரியை அள்ளி வைத்தாள்.

"வெயில் எப்படி?" என்று கேட்டாள்.

"முந்நூத்திப் பத்து நாள் அடிக்கும்மா. கம்பு ஊனிட்டு வந்தவங்க ஒரே மாசத்துல கம்பை அடுப்புல வச்சிட்டாங்க."

கோமதிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஊரை அவளுக்கு மனசாரப் பிடித்துப்போயிற்று.

இருபது நிமிஷமாக ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலைக்குத்தான் பொறுக்கவில்லை.

"சார் ஒண்ணுமே பேசலையே. சாருக்குப் பொழுதுபோக்கு என்ன?"

"குளிக்கிறது," என்றார் ஆவுடையப்பன்.

ஊர் எழுந்து வெளியே போய் மலையோடு தாழ்ந்த குரலில் பேசிவிட்டு வந்தது. "தப்பா எடுத்துக்கக் கூடாது. எங்ககிட்ட இருக்கிறது ஒரே தொட்டி. அம்மாவை மட்டும் அழைச்சுக்கிறோம்."

கோமதி தன் மணிக்கட்டைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

"நீ போ கோமதி," என்றார் ஆவுடையப்பன். "நான் இங்க இருந்துக்கிடுதேன். மாசம் ஒருக்கா வந்து பாக்கேன். இங்கயே குளிச்சிட்டு வாரேன்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரசம் வைக்கத் தெரியாத மனுஷன், இருந்துக்கிடுவாராம்! ஊரைப் பார்த்துச் சொன்னாள்:

"இவுக வாயி இப்படித்தான். ஆனா என் கை ஒடிஞ்சு கிடந்தப்ப ஆறு வாரம் எனக்குத் தலை பின்னிவிட்டது இவுகதான். கோணலாத்தான் பின்னுனாக. இவுக இல்லாத வெயில் எனக்கு வேண்டாம். நீங்க போயிட்டு வாங்க."

டின் ஸ்பூன் எழுந்திருக்கவில்லை. தட்டில் இருந்த கடைசி பஜ்ஜியைத் தின்று முடித்தது. "நாலாயிரம் பேர்ல ஒருத்தர்கூட யாருக்காகவும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லைம்மா," என்றது.

மலை தொண்டையைச் செருமியது. "இங்க தண்ணிக்குப் பஞ்சமில்லை. எங்க பையன் இங்கயே வீட்டோட மாப்பிள்ளையா இருந்துடட்டும்."

"சைவம்தானே?" என்று மட்டும் கோமதி கேட்டாள்.

"பழகிக்கும்."

வளர்பிறையில் நாள் பார்த்து, வெள்ளிக்கிழமை காலையில் டின் ஸ்பூன் குடிவந்தது. அறுபத்தொரு பேரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். வெளியே அந்த வருஷத்தின் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. ஹாலில் நல்ல வெயில். டி.வி.க்குப் பக்கத்தில் போஸ்ட் ஆபீஸ் படியில் உட்கார்ந்து கோமதி காலை நீட்டிக்கொண்டாள். வலி கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.

மத்தியானம் சாப்பிட்டதும் ஆவுடையப்பன் சற்றுக் கண்ணயரலாம் என்று கிளம்பினார். படுக்கையறை இப்போது பதினோரு மைல்.

"இருங்க, நானும் வாரேன்," என்று கோமதி குடையை எடுத்துக்கொண்டாள்.

அடுப்படி முனையில் பஸ் நின்றது. இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட் கிடைத்தது. இது நேராகப் போகாது, ஃப்ரிட்ஜில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும் என்றார் டிரைவர். அவர்கள் சரி என்றார்கள்.