ஆடாத பாரம்

துறைமுகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சிவப்பட்டை என்றுதான் சொல்வார்கள், அதுவும் அவர் இரண்டு கிரேன் தள்ளி நின்றால் மட்டும். பாரம் தூக்கும் கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது அவர் வேலை. கொக்கியில் மயிரிழை விரிசல் இருந்தாலும் சரி, கம்பிவடத்தில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் சரி, சட்டைப் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். கப்பல்காரன் கெஞ்சினாலும் மேலாளர் தலைகீழாக நின்றாலும் அந்த அட்டை இறங்காது. அவர் பச்சை அட்டை மாட்டிய எதிலிருந்தும் இதுவரை ஒரு பெட்டி விழுந்ததில்லை. இந்தப் பெருமையை அவர் தாமாகச் சொல்லமாட்டார். மற்றவர்கள் கேட்டே தீரவேண்டிய இடத்துக்குப் பேச்சைக் கொண்டுபோய் நிறுத்துவார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு மகள் பிறந்தாள். கழுத்து இன்னும் சரியாக நிற்காத பிள்ளை. தோளில் போட்டால் தேவதை, தொட்டிலில் போட்டால் பேய். முதுகு மெத்தையில் படுவதற்கு முன்பே வீடு இரண்டுபடும். அவர் மனைவிக்குப் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடும் வேலை. ஊரில் எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே திரும்ப வேண்டும் என்று தீர்மானிப்பவள், பிள்ளை பிறந்ததிலிருந்து தன் தலையை எப்போது வாருவது என்று தீர்மானிக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தாள். வரும் திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால், அவள் நாற்காலியில் ஏற்கெனவே பாதி உட்கார்ந்துவிட்ட ஒரு புது ஆள் முழுதாக உட்கார்ந்துவிடுவான். ஆகவே அவர் விடுப்பு எடுத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது என்று முடிவானது.

“உங்களை நம்பி விட்டுட்டுப் போகலாமா?” என்று கேட்டாள் மனைவி.

“நாப்பது டன் தூக்கறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?”

“நாப்பது டன் மூச்சு விடாதுங்க.”

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாள் முழுக்கக் கையில் வைத்திருக்க முடியாது, பிள்ளை தூக்கும் ஸ்லிங் துணி ஒன்று வாங்கி உடம்போடு கட்டிக்கொண்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும் என்று அவர் மனம் அதற்குள் கடைக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை மனைவி, பிள்ளையோடு உடம்பும் போனது. குழந்தைச் சாமான் கடையில் இருந்த விற்பனைப் பெண், ஸ்லிங் வகைகளை மேசைமேல் பரப்பினாள். உடம்பைச் சுற்றிக் கட்டும் நீளத்துணி ஒன்று. தோளில் இரண்டு வளையம் போட்டு இழுத்துச் சரிசெய்கிற துணி ஒன்று. பக்கவாட்டில் தொங்கும் ஆழமான பை ஒன்று. அவர் ஒவ்வொன்றையும் முரட்டுத்தனமாக இழுத்துப் பார்த்தார்.

“எவ்வளவு பாரம் தாங்கும்?”

“தாங்கறதெல்லாம் எல்லாமே தாங்கும் சார். எப்படி உக்கார வைக்கிறோம்கிறதுதான் முக்கியம். குழந்தை முகம் எப்பவும் நம்ம கண்ணுக்குத் தெரியணும். குனிஞ்சா நெத்தியில முத்தம் குடுக்கிற உயரத்துல இருக்கணும். தாடை நெஞ்சுல இடிக்கக் கூடாது...”

“அதெல்லாம் சரிம்மா. இந்தத் தையல் எத்தனை அடுக்கு?”

அதற்குள் பிள்ளை வீரிட்டது. மனைவி பால் கொடுக்க உள்ளறைக்குப் போய்விட்டாள். கடைப்பெண்ணும் அவரும் தனியாக மாட்டிக்கொண்டார்கள். சோதனைச் சான்று எங்கே, எந்த ஆலையில் நெய்தது, ஈரத்தில் நனைந்தால் வலு எவ்வளவு குறையும் என்று அவர் கேட்கக் கேட்க, அந்தப் பெண் ‘இவன் பிள்ளையைத் தூக்கப்போகிறானா, பீரங்கியையா’ என்பதுபோல் பார்த்தாள். அவர் ஆழமான பையைக் கையில் எடுத்ததும் அவசரமாகத் தடுத்தாள்.

“அது கைக்குழந்தைக்கு வேண்டாம் சார். தானா உக்கார்ற பெரிய பிள்ளைங்களுக்கு உள்ளது.”

அவர் முகம் மலர்ந்தது. பெரிய பிள்ளையையே தாங்குமென்றால் சின்னப் பிள்ளை எம்மாத்திரம்! தேவைக்கு மேல் தாங்குகிற கருவியைத்தான் அவர் தம் வாழ்நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். மூன்றையும் கட்டச் சொன்னார்.

“கடைக்காரப் பொண்ணு என்ன சொல்லிச்சு?” என்று வழியில் மனைவி கேட்டாள்.

“எல்லாம் கேட்டுட்டேன். நீ கவலைய விடு.”

ஞாயிற்றுக்கிழமை மனைவி பிள்ளையை அணைத்துக்கொண்டு அசந்து தூங்கும்போது கூடத்தில் சோதனை நடந்தது. கதவு நிலையில் உடற்பயிற்சிக் கம்பி ஒன்றைப் பொருத்தி, ஒவ்வொரு ஸ்லிங்கையும் அதில் தொங்கவிட்டு, உள்ளே மாவு மூட்டையை வைத்தார். ஒரு மூட்டை, பிறகு இரண்டு. ஆட்டினார், உதறினார், அறுந்துவிழுமா என்று குனிந்து பார்த்தார். வளையத்தில் சோதனை முத்திரை இல்லை என்று வளையத்துணிக்குச் சிவப்பு அட்டை. நீளத்துணியோ அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அதற்குக் கொக்கியும் கிடையாது, பூட்டும் கிடையாது, வெறும் முடிச்சு. கட்டுகிற ஆளின் கையை நம்பியிருக்கும் கருவி கருவியே அல்ல என்பது அவர் கொள்கை. அதற்கும் சிவப்பு.

ஆழமான பைதான் வென்றது. மாவு மூட்டை அதன் அடியில் போய்ச் சொகுசாகச் சுருண்டு உட்கார்ந்துகொண்டது. எப்படி உதறினாலும் ஆடவில்லை. பாரம் தாழ்ந்து இருக்க வேண்டும், அசையக் கூடாது, சத்தம் போடக் கூடாது. இதற்கு மேல் ஒரு மூட்டையிடம் என்னதான் எதிர்பார்க்க முடியும்? பச்சை அட்டையை மாட்டிவிட்டு, கொட்டிய மாவைத் துடைக்காமல் போய்ப் படுத்தார்.

திங்கட்கிழமை காலை மனைவி வாசலில் மூன்று தடவை செருப்பைப் போட்டு மூன்று தடவை கழற்றினாள். பிள்ளை அப்போது அவர் கையில் இருந்தது. “அடிக்கடி முகத்தைப் பாத்துக்கோங்க” என்றாள். “பச்சை அட்டை போட்டாச்சு, கிளம்பு” என்றார் அவர். அவள் போன கையோடு பிள்ளையைப் பையில் இறக்கினார். கொஞ்சம் சிணுங்கியது. கொஞ்சம் நடந்தார். அடங்கிவிட்டது.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. எந்தத் தொட்டிலாலும் ஆகாத காரியம்! தெருவில் இறங்கினால் காய்கறிக்காரி கையெடுத்துக் கும்பிடாத குறை. “இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆம்பளையா!” என்றாள். அவர் மனைவி இதே தெருவில் இதே பிள்ளையை இத்தனை நாளாகச் சுமந்து போனபோது அவளிடம் யாரும் தக்காளி விலையைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. இதை அவர் கவனித்தாரா என்றால் இல்லை. பாராட்டைக் கவனிக்கவே நேரம் போதவில்லை. அவருக்குக் கொம்பு முளைத்துவிட்டது. கால்கள் தாமாகத் துறைமுகத்தை நோக்கித் திரும்பின.

விதியை மீறுகிறவரா அவர்? தலைக்கவசம் இல்லாத யாரும் கிரேன் பகுதிக்குள் போகக் கூடாது என்பதால், வாயிற்கதவை ஒட்டிய தேநீர் அறையிலேயே நின்றுகொண்டார். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சூழ்ந்தார்கள். தலைமை கிரேன் ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். அவர் மூன்று பிள்ளை பெற்றவர்.

“எங்க சார், பாப்பா முகத்தைக் காட்டுங்க.”

“உக்காந்துட்ட பாரத்தை நோண்டக் கூடாது. உமக்கே தெரியுமே.”

“இல்ல சார், மூடின மாதிரி இருக்கு...”

“ஆடுதா பாரும். ஒரு சத்தம் கேக்குதா? அதான்யா தொழில்!”

பிறகு நின்றபடியே ஒரு வகுப்பே எடுத்தார். எப்படிச் சோதித்தார், எதை ஒதுக்கினார், எதைத் தேர்ந்தெடுத்தார் என்று விவரித்தார். ஆட்கள் தலையாட்டினார்கள். சிவப்பட்டை பேசும்போது தலையாட்டாமல் இருக்க அங்கே யாருக்கும் துணிச்சல் கிடையாது. பேச்சின் நடுவே கைபேசி அடித்தது.

“பாப்பா என்ன பண்றா?” என்றாள் மனைவி.

“எல்லாருக்கும் கேக்கட்டும்” என்று ஒலிபெருக்கியைப் போட்டார் அவர். “அசையவே இல்ல. ரொம்ப நேரமா ஒரு சத்தம் இல்ல. எப்படி?”

அந்தப் பக்கம் பேருந்து அறிவிப்புகள் மட்டும் கேட்டன.

“அசையவே இல்லையா?”

“இல்லேங்கறேன்.”

“முகத்தைப் பாருங்க.”

“தூங்கறவளை எதுக்கு...”

“முகத்தைப் பாருங்க!”

அவர் குனிந்தார். துணி தெரிந்தது, உச்சந்தலை மயிர் கொஞ்சம் தெரிந்தது, முகம் தெரியவில்லை. பையின் வாயை விலக்கினார். பிள்ளை அடியில் சுருண்டு கிடந்தது. தாடை நெஞ்சில் குத்தி நின்றது. மூக்கு துணி மடிப்பில் அழுந்தியிருந்தது. உதட்டில் நிறம் இல்லை.

எப்படி வெளியே எடுத்தார் என்று அவருக்கே நினைவில்லை. பிள்ளையின் தலை அவர் உள்ளங்கையில் துவண்டு விழுந்தது. கிரேன் ஓட்டுநர் பாய்ந்து வந்து கழுத்தை நிமிர்த்தி, முதுகை அழுத்தித் தேய்த்தார். எத்தனையோ டன் தலைக்கு மேலே போகும்போது கண் இமைக்காத சிவப்பட்டை வாயைத் திறந்துகொண்டு நின்றார். பிள்ளை ஒருமுறை இழுத்து மூச்சு வாங்கியது. இன்னொருமுறை வாங்கியது. பிறகு தேநீர் அறையின் கண்ணாடி அதிர அழுதது.

“ஏன் அழறா? என்ன ஆச்சு? சொல்லுங்க!” என்றது மேசைமேல் கிடந்த கைபேசி.

பசி என்று சொல்லியிருக்கலாம். தூக்கத்தில் எழுப்பிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த அறையில் ஒருவரும் வாயைத் திறந்திருக்கமாட்டார்கள். ஆனால் விழப்பார்த்த பாரத்தை மறைத்தவனை, விழுந்த பாரத்தை மறைத்தவனைவிடக் கடுமையாகத் தண்டித்தவர் அவர். அப்படி அவரால் வேலையிழந்த ஒருவனின் தம்பி அந்தக் கூட்டத்திலேயே நின்றிருந்தான்.

“தப்புப் பண்ணிட்டேன்” என்றார். “மூச்சு அடைச்சிருந்தது. நான் பாக்கல. நீ சொன்ன அப்புறம்தான் பாத்தேன்.”

“ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. நான் வரேன்.”

மருத்துவர் பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மாலைவரை வைத்திருந்து பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்றார். கழுத்து நிற்காத பிள்ளைக்குத் தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுக்குழல் மடங்கிவிடும், அழக்கூட முடியாது, அதனால்தான் சத்தம் வராது என்று விளக்கினார். கடைப்பெண் சொன்ன அதே மூன்று விஷயங்களையும் திருப்பிச் சொன்னார். சிவப்பட்டை இம்முறை இடையில் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பையைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டினார். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

“இனிமே எதுவும் வேண்டாம். லீவு முடியறவரைக்கும் கையிலயே வெச்சுக்கறேன்.”

“கை அசந்து தூக்கம் வந்தா? துணி என்னங்க பண்ணுச்சு? கட்டினவர் குனிஞ்சு பாக்கல, அதான்.” அவள் பிள்ளையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். “நாளைக்கு நான் வேலைக்குப் போகலாமா, வேண்டாமா? கிரேனுக்குச் சொல்ற மாதிரி நீங்களே சொல்லுங்க.”

போகலாம் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. வேண்டாம் என்றால் அந்த நாற்காலி போய்விடும்.

“நான் சொல்லக் கூடாது” என்றார் கடைசியில். “தன் வேலைய யாரும் தானே சோதிச்சுக்கக் கூடாது. துறைமுகத்துல அப்படி ஒருத்தனையும் விட்டதில்ல. வீட்டுல அதைத்தான் பண்ணிட்டேன். நான் கட்டறேன், நீ பாரு. நீ சரின்னா போ. இல்லேன்னா நான் வந்து உன் ஆபீஸ்ல பேசறேன்.”

சிவப்பு அட்டையோடு மூலையில் கிடந்த நீளத்துணியை எடுத்தார்கள். அவர் கட்டினார், மனைவி அவிழ்த்தாள். தளர்வாக இருக்கிறது என்றாள். மறுபடி கட்டினார். தாழ்வாக இருக்கிறது என்றாள். முதுகுக்குத் தாங்கல் இல்லை, தாடைக்குக் கீழே என் விரல் போகவில்லை, இந்தப் பக்கம் துணி மூக்கை மூடுகிறது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு குறை கண்டுபிடித்தாள். அவரிடம் வேலை பார்த்தவர்கள் அன்று அதைப் பார்த்திருந்தால் மிட்டாய் வாங்கி ஊருக்கே கொடுத்திருப்பார்கள். பிள்ளைக்குப் பொறுமை போய் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தது. அந்த அழுகை அவருக்குத் தேனாக இருந்தது.

கடைசியில் மனைவி விலகி நின்று பார்த்தாள். “குனிங்க” என்றாள். அவர் குனிந்தார். உதடு பிள்ளையின் நெற்றியில் பட்டது. அப்படியே நின்று கண் கலங்கினார். அவள் அந்தப் பக்கம் திரும்பி, காலையில் கட்ட வேண்டிய சேலைக்கு இஸ்திரி போடப் போனாள்.

மறுநாள் அவள் பணிமனையில் எத்தனை வண்டிகளைத் தவறான வழியில் திருப்பினாளோ தெரியாது. மாலையில் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குள் நுழைந்தபோது, அவர் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். நெஞ்சில் பிள்ளை, முகம் வெளியே தெரிய, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. அவள் விரலை அதன் மூக்கருகே வைத்துப் பார்த்தாள். பிறகுதான் அவரைப் பார்த்தாள். அவர் தலையை நிமிர்த்த முயன்று, முடியாமல், “ஆ” என்று முனகினார்.

“என்ன?”

“கழுத்து பிடிச்சுக்கிச்சு. காலையிலேருந்து குனிஞ்சு குனிஞ்சு இவ முகத்தையே பாத்துட்டு இருந்தேனா, நிமிர முடியல.”

“நல்லது” என்று சொல்லிவிட்டு, அவள் கைப்பையைக் கீழே வைத்தாள்.