புகார் எண் பதினான்கு

படைத்தவனுக்குத் தன் படைப்பின் மேல் எந்தக் கடமையும் கிடையாது. மனித குலத்தின் கண்டுபிடிப்புகளில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த இடம் இதற்குத்தான். கண்டுபிடித்தது நான், ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு மணிக்கு முந்தைய வகுப்பில்.

அன்று ஆசிரியர் பழைய காலத்துத் திகில் கதைகளை நடத்திக்கொண்டிருந்தார். இருட்டு மாளிகை, இடி, ஒரு மேதாவி. மேதாவி ஓர் உயிரை உண்டாக்குவான். அது கண் திறந்ததும் முகம் பிடிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு ஓடிவிடுவான். மீதியை ஊர்க்காரர்கள் கல்லோடு வந்து பார்த்துக்கொள்வார்கள்.

எதற்கும் கூடுதலாக ஒரு விளக்கம் சொல்லாமல் விடாதவளுக்கு எங்கள் வகுப்பில் அடிக்குறிப்பு என்று பெயர். வைத்தது நான்தான். அவள் எழுந்து, அந்த ஜீவன் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லையே, ஓடாமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதுமே என்றாள்.

"பெத்ததுக்கெல்லாம் பக்கத்துல உக்காந்து விசிறிக்கிட்டே இருந்தா, அடுத்ததை எப்பம்மா பெக்கிறது?" என்றேன்.

வகுப்பு சிரித்தது. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் நானும் ஒன்றைப் படைத்திருந்தேன். கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் புனைபெயரில் எழுதுகிறவன் நான். முதல்வர் புதிதாக வருகைப்பதிவு விதி ஒன்று கொண்டுவந்திருந்தார். எண்பது சதவீதத்துக்குக் கீழே இருப்பவன் தேர்வு எழுத முடியாது. நான் அறுபத்திரண்டில் இருந்தேன். அந்த வயிற்றெரிச்சலில் ஒரு கதை எழுதினேன். எங்கள் கல்லூரி விலங்கியல் மியூசிய அட்டெண்டர், மிச்சம் மீதி உறுப்புகளைத் தைத்து, எல்லா வகுப்புக்கும் தவறாமல் வரும் லட்சிய மாணவன் ஒருவனைத் தயாரிக்கிறார். இடது கை மட்டும் பாக்கி. ஆகவே முதலாண்டு மாணவர்கள் கையை பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நடப்பது நல்லது.

விவரம் சேகரிக்க ஒரு மதியம் முழுக்க அந்த மியூசியத்தில் இருந்தேன். அட்டெண்டருக்கு ஐம்பது வயதிருக்கும். கன்னத்தில் எப்போதோ அமிலம் பட்ட தழும்பு. ஜாடிகளில் ஃபார்மலின் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்புவார். எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று ஒவ்வொரு ஜாடியின் சீட்டையும் வாய்விட்டு வாசிப்பார். தேரை, பெண். ஓணான், ஆண். பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவது மாதிரி இருக்கும். மூலையில் நின்ற எலும்புக்கூட்டின் இடது மணிக்கட்டில் கம்பி அறுந்திருந்தது. துறையின் குறடு துருப்பிடித்துவிட்டதாம். கையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டி எடுத்துவரப் போவதாகச் சொன்னார்.

"சம்சாரம் கண்ணுல படாம கட்டணும் தம்பி. போன தடவ காலை எடுத்துட்டுப் போயி, ரெண்டு நாள் பேச்சுவார்த்தையே இல்ல."

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு ஜாடிகளோடு அவர் பேசுவதையும், அந்தக் கையையும், தழும்பையும் கதையில் போட்டேன்.

மழையில் எங்கள் பலகை ஊறிப்போனதால் அந்த இதழைப் பக்கத்திலிருந்த புகார்ப் பலகையில் குத்தினோம். புகார்ப் பலகைக்கு ஒரு நடைமுறை உண்டு. வெள்ளிக்கிழமை மாலை குமாஸ்தா அதில் இருப்பதையெல்லாம் கழற்றி, எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றுவார். வாசிப்பது அவர் வேலையில் சேராது. என் கதை புகார் எண் பதினான்கு ஆனது. பதிமூன்று, கழிப்பறைக் குழாய்.

குழாயை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பதினான்கை விசாரிக்க மட்டும் முதல்வர் அனுப்பிய மூன்று பேர் மியூசியத்துக்குக் கிளம்பிப் போனார்கள். கம்பி கட்டி முடித்த இடது கை, அட்டெண்டரின் பைக்குள், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில், துணி சுற்றி இருந்தது.

அதற்குப் பிறகு கேன்டீனில் அவர் உட்கார்ந்த மேஜையில் யாரும் உட்காரவில்லை. முதலாண்டுக்காரர்கள் மியூசியத்தைத் தாண்ட வேண்டியிருந்தால் மாடி ஏறிச் சுற்றிப் போனார்கள். டீ ஊற்றுகிறவர் அவருக்கு மட்டும் காகிதக் கோப்பையில் கொடுத்தார். பிள்ளைகள் அருவருப்புப் படுகிறார்களாம். நான் என் கோட்பாட்டின்படி ஒன்றும் செய்யவில்லை. ஒருமுறை எதிரில் வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த பழைய நாற்காலி ஏல அறிவிப்பை இரண்டு தடவை படித்தேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை அடிக்குறிப்பு என் மேஜைக்கு வந்தாள். என் கையெழுத்தை அவளுக்கு எப்போதோ தெரியும் போலிருக்கிறது. யார் எழுதியது என்று அவள் கேட்கவே இல்லை.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை. பன்னெண்டு வருஷமா தற்காலிக வேலையாம், நிறுத்தறதுக்கு ஒரு கையெழுத்து போதும். கை ரிப்பேருக்குத்தான் போச்சுன்னு சொல்ல ஒருத்தர் இருந்தா பொழச்சுக்குவாரு."

"சொல்றவன் அன்னைக்கு அங்க எதுக்குப் போனான்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க."

அதோடு போய்விட்டாள். அவள் விளக்கம் சேர்க்காமல் விட்ட முதல் வாக்கியம் அது.

வியாழக்கிழமை முதல்வர் அறை வாசலில் நாலு பேர் உட்காரும் பெஞ்சில் அவர் ஒருவர்தான் இருந்தார். மற்றவர்கள் எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றார்கள். தேய்த்த சட்டை, மடியில் பை. உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் அவரைத் தாண்டிப் போனேன். குழாயில் தண்ணீர் குடித்தேன், தாகமே இல்லாமல். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். ஓரத்தில் இடம் இருந்தும் பக்கத்தில்.

"தம்பியையும் கூப்பிட்டிருக்காங்களா?"

"இல்லைங்க."

கொஞ்ச நேரம் பையின் வாரைத் தடவினார். "அந்தக் கதையை நானும் படிச்சேன். சீட்டுல இருக்கறது ஒண்ணு விடாம சரியா எழுதியிருக்கு. இத்தனை வருஷத்துல யாரும் நின்னு அதைக் கேட்டதில்ல."

குமாஸ்தா கதவைத் திறந்து, பதினான்காம் நம்பர் யார் என்றார். அட்டெண்டர் எழுந்தார். நானும் எழுந்தேன்.

"எழுதினது நான்," என்றேன். "கை எதுக்குப் போச்சுன்னும் எனக்குத் தெரியும்."

குமாஸ்தா பதிவேட்டைப் பார்த்தார். அதில் இதற்கு இடம் இல்லை. கூப்பிடும் வரை இரண்டு பேரும் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உட்கார்ந்தோம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையை மடியிலிருந்து எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். வெகு நேரம் கழித்து மறுபடி உதடு அசைந்தது. தேரை, பெண். ஓணான், ஆண். அடுத்தது வராமல் நின்றது.

"அரணை, குட்டிகளோட," என்றேன் மெதுவாக.

அவர் திரும்பவில்லை. அதற்கு அடுத்ததைச் சொன்னார்.