கொள்ளுத்தாத்தாவின் கால்சட்டை

நாள் முழுக்கத் தெருவில் கல் பாவியதில் இடுப்பு கழன்றுவிட்டது. அந்த இடுப்போடு அக்கா எட்னா என்னை யார்க்‌ஷயர் மழையில் ஆவணக் காப்பகத்துக்கு இழுத்துப்போனாள். எங்கள் கொள்ளுத்தாத்தா ஈனாக் ஒரு மாளிகையில் வாழ்ந்தவர் என்று வரப்போகும் சம்பந்தியிடம் அளந்திருந்தாள். மகள் கல்யாணத்துக்குள் ஆதாரம் வேண்டுமாம்.

மாளிகை கிடைத்தது. கதியற்றவர்களிடம் வேலை வாங்கிக்கொண்டு சோறு போடும் ஏழைவிடுதி. 'இடுப்புவலி என்று கல் உடைக்க மறுத்ததால் பாலாடைக்கட்டி நிறுத்தம். மறுநாள் விடுதிக் கால்சட்டையோடு சுவரேறி ஓட்டம்' என்றது பதிவேடு.

"இந்த இடுப்பு பரம்பரைச் சொத்துதான்க்கா."

"வாய மூடுடா ஆல்ஃப்! சம்பந்திகிட்ட என்ன சொல்றது?"

"பெரிய கட்டடம், உசந்த மதில், வேளாவேளைக்கு மணியடிச்சு சாப்பாடுன்னு சொல்லு. பொய்யில்லையே!"

அப்படியே சொன்னாள். சம்பந்தியம்மா சொக்கிப்போனாள்.

விடுதிக்கு நாங்கள் இன்னும் ஒரு கால்சட்டை பாக்கி.