மந்தைத் தெருவில் ஒரு பங்கு

1957ஆம் வருஷம் ஐப்பசியிலிருந்து எங்கள் மந்தைத் தெருவின் வடவோரம், மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு மட்டும், செத்தவர்களுக்கு வழிவிட ஆரம்பித்தது. மிச்சம் இரண்டு பங்கு விடவில்லை. அந்த வருஷம் எரியோட்டுப் பக்கம் மழை சுமார். சின்ன வெங்காயம் விலை போகவில்லை.

வழக்கு இதுதான், கண்ணுகளா. கீழத்தெருக்காரர்கள் உயிரோடு இருக்கும்வரை மந்தைத் தெருவில் நடக்கலாம். பிணமாகிவிட்டால் முள்ளுக்காட்டைச் சுற்றி, வாய்க்காலில் இறங்கித்தான் சுடுகாடு போக வேண்டும். அய்யலூர்ச் சந்தையில் ஆட்டு வியாபாரம் செய்த பொம்மையன் தன் அப்பனை அப்படித் தூக்கிப் போனபோது பாடை சரிந்து கிழவர் தண்ணீரில் நனைந்தார். கேள்விப்பட்ட அவன் ஆத்தா பேச்சாயி, "என்னையத் தெரு வழியாத்தாண்டா கொண்டு போகணும். இல்லாட்டி நான் சாகவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு. வழி மறிக்கும் மேலத்தெரு நாச்சிமுத்து மேல் பொம்மையன் வழக்குப் போட்டான். அது படிப்படியாக ஏறி மூன்று நீதிபதிகள் முன்னால் போய் நின்றது.

தீர்ப்பு வந்த அன்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ரோஸ்மேரி டீச்சர் அதை வாசித்துப் பொருள் சொன்னார். சாதியைக் காட்டி எந்தக் குடிமகனுக்கும் பொதுத் தெருவை மறுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் பதினைந்தாவது பிரிவு. ஆனால் செத்தவர் குடிமகன் ஆகமாட்டார், ஆகவே எந்தப் பிணத்துக்கும் தெருவில் உரிமை இல்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். தூக்குகிறவன் குடிமகன்தானே, அவன் தோளில் இருப்பதைச் சொல்லி அவனைத் தடுப்பது எப்படி என்று மூன்றாமவர் தனியாக எழுதியிருந்தார்.

"தோத்துட்டோம் பொம்மையா" என்றார் டீச்சர்.

"அதெப்புடி டீச்சர்? மூணு பேரு பங்கு போட்ட ஆட்டுல ஒருத்தரு நம்ம ஆளுன்னா, ஒரு பங்கு கறி நமக்கு வரணுமில்ல?"

"தீர்ப்பு ஆட்டுக்கறி இல்லப்பா. ரெண்டு பேரு சொன்னதுதான் செல்லும். மத்தவரு சொன்னது படிச்சுப் பாக்கத்தான்."

டீச்சர் சொன்னதுதான் சட்டம். ஆனால் தெரு பள்ளிக்கூடம் போனதில்லை. வாராவாரம் சந்தைக்குப் போகும் ஆடுகளைத்தான் அது பார்த்திருந்தது. பொம்மையன் கணக்கையே எடுத்துக்கொண்டது. அன்று சாயங்காலம் முதல் வடவோரத்தில் வண்டி போனாலும் புழுதி எழவில்லை. வேறொன்றும் தெரியவில்லை. படுக்கையில் விழுந்துவிட்ட பேச்சாயிக்கோ மூச்சு கொஞ்ச நேரம் நிற்கும், வழி இன்னும் கிடைக்கவில்லை என்று நினைப்பு வந்ததும் திரும்பிவிடும்.

1959 தையில் நாச்சிமுத்துவின் அப்பா காலமானார். தீர்ப்புக்குப் பிறகு ஊரில் விழுந்த முதல் சாவு அதுதான். நாலு பேர் தோள்கொடுத்த பூப்பாடை வாசலை விட்டுத் தெருவில் இறங்கியதும் நாலு பேர் கால்களும் மண்ணில் ஊன்றி நின்றுவிட்டன. தள்ளினார்கள், வைதார்கள், தேங்காய் உடைத்தார்கள். நகரவில்லை.

"நான் ஜெயிச்ச கேஸுடா இது!" என்று கத்தினார் நாச்சிமுத்து.

"ஜெயிச்சதுலதான் எந்தப் பொணத்துக்கும் உரிமை இல்லைன்னு இருக்கு" என்றார் டீச்சர். "மேலத்தெரு கீழத்தெருன்னு அதுல பிரிக்கலீங்களே."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பொம்மையன் வடவோரத்தைக் காட்டினான். "என் பங்குல போங்கய்யா. நாலாளுக்கு அகலம் பத்தாது. முன்னால ஒருத்தரு, பின்னால ஒருத்தருதான்."

பூவையெல்லாம் கழற்றினார்கள். பாடையை ஒடுக்கிக் கட்டினார்கள். வடக்கே திரும்பியதும் கால்கள் மண்ணிலிருந்து விடுபட்டன. பின்பக்கம் நாச்சிமுத்துவே தோள்கொடுத்தார்.

கீழத்தெருவில் படுத்திருந்த பேச்சாயி மகனைக் கூப்பிட்டுக் கேட்டாள்: "ஏலே, அந்த மனுசன் அலுங்காமப் போனாராடா?"

"போனாரு ஆத்தா."

"அப்ப நானும் கெளம்புறேன்."

மறுநாள் அவள் மந்தைத் தெரு வழியாகப் போனாள். முன்னால் பொம்மையன், பின்னால் அவன் மச்சான் சுருளிவேல். நாச்சிமுத்து தன் வாசலில் நின்றிருந்தார். அவர் வாய் திறந்ததும் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

"முக்குல ஒரு குழி கெடக்குடா" என்றார் அவர். "நேத்து என் காலு அதுலதான் எறங்குச்சு. பாத்துப் போங்க."

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யார் வீட்டுப் பாடையும் ஓர் ஆள் அகலம்தான். மிச்சம் இரண்டு பங்கில் வண்டி போகும், ஆடு போகும், கல்யாண ஊர்வலம் போகும்.