இருட்டரசன் வெந்நீர் குடித்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, "இப்ப தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்று நூறு தடவை கேட்பதுதான் அவருடைய வேலை. பூனை குறுக்கே வந்தாலும் "போங்க" என்று மரியாதை கொடுக்கிற ஆள். இந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் போதும், அரக்கன், ஆவி, பாதாளக் குகை என்று ஆரம்பித்துவிடுவார்.

அது ஒரு விளையாட்டு. மாப்பிள்ளை கதை சொல்வார். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற நாங்கள் நாலு பேரும் அந்தக் கதைக்குள் வீரர்கள். "குகை வாசல்ல நிக்கிறீங்க, என்ன செய்றீங்க?" என்று கேட்பார். செய்யப்போவதைச் சொல்லிவிட்டு, இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் காரியம் நடக்கும். சின்ன எண் விழுந்தால் மண்ணைக் கவ்வ வேண்டும். இதற்கு ஏன் வளர்ந்த ஆட்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "சும்மா வந்து உக்காருப்பா" என்று மகள் இழுத்து உட்கார வைத்துவிட்டாள்.

முதல் நாள் நான் செய்த முதல் காரியம், பகடையை உப்புத் தண்ணீர் டம்ளரில் போட்டுப் பார்த்தது. ஒரே பக்கம் மேலே வந்தால் உள்ளே ஏதோ வேலை செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மாப்பிள்ளை முகம் சுருங்கிப்போயிற்று. போகட்டும். எவர்சில்வர் பாத்திர ஆலை வாசலில் ஆயுசு பூராவும் பை சோதித்தவன் நான். காலோடு கரண்டியைக் கட்டிக்கொண்டு, "மூட்டு வலிங்க" என்று நொண்டிக்கொண்டே போனவனைப் பிடித்திருக்கிறேன். மாப்பிள்ளை என்பதற்காக விட்டுவிட முடியுமா?

விளையாட்டில் என் வீரனுக்கு ஒரு பெயர் வையுங்கள் என்றார்கள். பெயர் தெரிந்தால் ஆளைப் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று வைக்கவில்லை. கிடைத்த மருந்து, மந்திரப் பொடி, மாயக் கயிறு எதையும் செலவு செய்யாமல் மூட்டையில் போட்டுக்கொண்டே வந்ததால் மூட்டைக்காரன் என்று அவர்களே வைத்துவிட்டார்கள்.

இரண்டு வருஷம் விளையாடினோம். அதில் வந்தது வினை. மகளுடைய மந்திரக்காரி ஊரையே கொளுத்துகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் பஸ் டிரைவர். அவருடைய வாள் மலையை வெட்டும். பல் டாக்டர் அம்மா ஒருத்தர் வருவார். செத்தவனைத் தட்டி எழுப்புகிற வித்தை அவர் கையில். எங்களை எதிர்க்க யாரால் முடியும்?

மாப்பிள்ளை ஏழு தலைப் பாம்பு ஒன்றைக் காகிதக் கூழில் செய்து, ஏழு தலைக்கும் ஏழு நிறம் அடித்து, ஒரு மாதம் உயிரைக் கொடுத்தார். மேஜையில் வைத்தார். பஸ் டிரைவர் பகடையை உருட்டினார். ஒரே வீச்சு. பாம்பு காலி. பெயிண்ட்கூட அப்போது காயவில்லை. பனி ராட்சசனை, அவன் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மகள் உருக்கிவிட்டாள். மாப்பிள்ளை அடுக்களைக்குப் போய், கழுவி வைத்த தட்டுகளை மறுபடியும் கழுவினார்.

கடைசிச் சண்டை மட்டும்தான் பாக்கி. கோபுரத்தின் உச்சியில் இருட்டரசன். அந்த வாரம் நடுவில் ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போனபோது, அடுக்களையில் மாப்பிள்ளையும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக்கேட்கவில்லை. நின்றேன், காதில் விழுந்தது.

"இதுவும் ஒரே அடியில முடிஞ்சா, நான் மூட்டை கட்டிடுறேன். பகடை, அட்டை எல்லாத்தையும் யாருக்காவது கொடுத்துடலாம்."

"ஏங்க, அப்பா ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவாரு?"

"மாமாவுக்கு இது பிடிக்குதுன்னு யாரு சொன்னா? வாரா வாரம் என்னைத் திருட்டுப்பய மாதிரி பாக்குறாரு. விட்டாப் போதும்னு இருப்பாரு."

நான் தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு வேறு வேலை கிடையாது. அதற்காகச் சொல்கிறேன், வேறு ஒன்றும் இல்லை. அந்த மேஜையைக் காலி செய்துவிட்டால் நான் யாரைச் சந்தேகப்படுவது?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலேயே சகுனம் சரியில்லை. என் நீலச் சட்டையில் இரண்டாவது பொத்தானைக் காணோம். "மெஷின் தின்னுருக்கும்பா" என்றாள் மகள். மெஷினுக்கு என்ன பசி? நான் நம்பவில்லை. திறந்த சட்டையோடு போய் உட்கார்ந்தேன்.

பஸ் டிரைவர் வழக்கம்போலக் கதவைத் திறந்து போட்டுவிட்டு உள்ளே வந்தார். "கதவைச் சாத்திட்டு வாப்பா, காத்து வருது" என்றேன். வாரம் தவறாமல் சொல்கிறேன், வாரம் தவறாமல் மறக்கிறார். இந்த ஆளை நம்பி ஒரு பஸ் ஜனம் உட்காருகிறது. எல்லாருக்கும் டீ வந்தது. எனக்கு வெந்நீர். டீயில் என்ன கலக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

மாப்பிள்ளை எதிரில் ஒரு அட்டையை மறைப்பாக நிறுத்தி, அதன் பின்னால் உட்கார்ந்தார். அரக்கனின் பலமெல்லாம் எழுதிய தாள் அந்த மறைவில்தான் இருக்கும். இந்தத் தடவை பொம்மை இல்லை, கூழ் இல்லை, பெயிண்ட் இல்லை. அட்டைக்கு வெளியே, ஓரமாக, சின்னதாக வெள்ளையாக எதையோ வைத்தார்.

"என்னடா அது, சட்டைப் பொத்தானா?" என்றார் டிரைவர்.

"இருட்டரசன்" என்றார் மாப்பிள்ளை. "கோபுரத்து உச்சி. கதவு திறந்திருக்கு. காவல் யாரும் இல்ல. உள்ள ஒரு கிழவர் நாற்காலியில உக்காந்து வெந்நீர் குடிச்சுக்கிட்டு இருக்காரு. உங்களைப் பாத்து, 'கதவைச் சாத்திட்டு வாங்க, காத்து வருது'ன்றாரு."

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எதற்கென்று எனக்கு அப்போது புரியவில்லை.

"சரி, ஒரே வெட்டு, வீட்டுக்குப் போலாம்" என்று டிரைவர் பகடையை எடுத்தார்.

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

"கையை எடுய்யா!" என்று கத்தினேன். "கதவு ஏன் திறந்திருக்கு?"

சத்தியமாக நான் மாப்பிள்ளையைக் காப்பாற்றக் கத்தவில்லை. எனக்கு உண்மையிலேயே சந்தேகம். உலகத்தையே ஆளுகிறவன் கதவைத் திறந்து வைப்பானா?

டிரைவர் பகடையைக் கீழே வைத்தார். "ஆமால்ல?"

"வெந்நீரு" என்றாள் மகள். "அதுல ஏதோ இருக்கு." அவளிடம் எதையும் ஊடுருவிப் பார்க்கிற பெரிய மந்திரம் ஒன்று இருந்தது. ஒரு மந்திரத்தைப் போட்டால் கதையில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகுதான் மறுபடியும் போட முடியும். போட்டாள். பதினெட்டு விழுந்தது.

"வெந்நீர்" என்றார் மாப்பிள்ளை.

"வெறும் வெந்நீரா?"

"கொஞ்சம் ஆறியிருக்கு."

"பாத்தியா!" என்றேன். "எப்ப போட்டது? நம்ம வர்றது முன்னாடியே தெரிஞ்சிருக்கு!"

பல் டாக்டர் அம்மா முன்னால் வந்து குனிந்தார். "அவருக்குப் பல்லு எத்தனை?"

"மூணு."

"எந்த மூணு?"

மாப்பிள்ளை இதை எதிர்பார்க்கவில்லை. தன் வாயைத் தடவிப் பார்த்து, "கீழ ரெண்டு, மேல ஒண்ணு" என்றார்.

"மேல ஒத்தப் பல்லு நிக்கவே நிக்காது. உயிரை அதுக்குள்ளதான் ஒளிச்சு வெச்சிருக்கான். பிடுங்குறேன்!" செத்தவனை எழுப்புகிற சக்தி முழுவதையும் போட்டுப் பல்லைப் பிடுங்கினார். பல் வந்தது. வெறும் பல். இருட்டரசன், "ரொம்ப நாளா ஆடிக்கிட்டிருந்துச்சும்மா, நல்லா இரு" என்றார்.

என் மூட்டையில் ஒரு மோதிரம் உண்டு. எதிரில் இருப்பவன் பொய் சொன்னால் சுடும். அதைப் போட்டுக்கொண்டு கேட்டேன். "உனக்குப் பின்னால யாரு?"

"சுவரு."

"மோதிரம் சுடலை மாமா" என்றார் மாப்பிள்ளை.

"அப்ப மோதிரம் அவன் ஆளு" என்று கழற்றி ஜன்னல் வழியே எறிந்தேன். ஒரு ராஜ்ஜியத்தையே விலைக்கு வாங்கக்கூடிய மோதிரம். போனால் போகிறது, காட்டிக்கொடுக்கிறவனைக் கூட வைத்துக்கொள்ள முடியாது.

அப்புறம்தான் கவனித்தேன், டிரைவர் வெகுநேரமாகப் பேசவில்லை. "நீ ஏன்யா சத்தமே இல்ல? நீ நீதானா?"

வாயில் பிஸ்கட் இருந்ததால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அதுவே போதும். இருட்டரசன் நம் ஆள் வேஷத்தில் நம்முடனே வந்திருக்கிறான் என்று மகள் அவரைப் பனிக்கட்டியாக உறைய வைத்தாள். உறைகிற நேரத்தில் கை சுழன்று, மலையை வெட்டுகிற வாள் தூணில் பட்டு இரண்டாக உடைந்தது. உடைந்த துண்டு பறந்து போய் டாக்டர் அம்மாவைச் சாய்த்தது.

"நான்தான்யா! பிஸ்கட்டுய்யா!" என்று கத்தினார் டிரைவர்.

"அவன் அப்படித்தான் சொல்லுவான்" என்றேன்.

டீ ஆறி, இரண்டாவது டீயும் வந்தாயிற்று. இருட்டரசன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆலை வாசலில் எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். சரக்கு வைத்திருப்பவன் கண் அடிக்கடி பைக்குப் போகும். வெறும் பை வைத்திருப்பவன் உன் முகத்தையே பார்ப்பான். மாப்பிள்ளை எல்லா வாரமும் அட்டைக்குப் பின்னால் திருட்டுத்தனமாகக் குனிந்து தாளைப் பார்ப்பார். இன்றைக்கு ஒரு தடவைகூடக் குனியவில்லை. எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பை காலி. தாளே கிடையாது. அந்தக் கிழவனிடம் மந்திரம் இல்லை, பலம் இல்லை, ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிடுவான்.

என் முறை. கையில் பகடை. வாயைத் திறந்தால் விளையாட்டு முடிந்தது.

மாப்பிள்ளையைப் பார்த்தேன். காது இரண்டும் சிவந்து, நாற்காலியில் பாதி எழுந்து நின்றுகொண்டிருந்தார். கல்யாணத்தன்றுகூட இந்த ஆள் இவ்வளவு சந்தோஷமாக இருக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. முகம் அப்படியே இறங்கியது.

நான் கண்ணாடியைச் சரி செய்துகொண்டேன்.

"மாப்பிள்ளை, அவன் கட்டில்ல போர்வை இருக்கா?"

"...இருக்கு மாமா."

"மடிச்சிருக்கா?"

"மடிச்சிருக்கு."

"தனியாளு. அவ்வளவு பெரிய போர்வை. மறுமுனையைப் பிடிச்சு மடிச்சது யாரு?"

மேஜையே கிடுகிடுத்துப்போயிற்று. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். டிரைவர் பனிக்கட்டிக்குள்ளிருந்தே, "கட்டிலுக்கு அடியில பாருங்க, கட்டிலுக்கு அடியில!" என்று அலறினார். மகள் பாக்கியிருந்த நெருப்பு முழுவதையும் கட்டிலுக்கு அடியில் கொட்டினாள். ஒரு ஜோடி செருப்பு எரிந்தது.

மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெந்நீரைக் குடித்தேன்.

எல்லாம் தீர்ந்தது. வாள் இல்லை, மந்திரம் இல்லை, மோதிரம் இல்லை. அப்போது இருட்டரசன் மெதுவாக எழுந்து கைத்தடியை எடுத்தார். "முடிஞ்சுதா பிள்ளைங்களா? இப்ப என் முறை."

மாப்பிள்ளை உருட்டினார். பத்தொன்பது. கைத்தடி மகள் தலையில் விழுந்தது. தன் நெருப்பிலேயே பாதி வெந்திருந்தவள், மயங்கிவிட்டாள். நான் ஓங்கி ஒரு குத்து விட்டேன். மூன்று விழுந்தது. நாற்காலியில் இடித்துக்கொண்டு என் முழங்கால் போயிற்று. இரண்டு வருஷம் ஓடி ஆடி உலகத்தைக் காப்பாற்றிவிட்டு, வெந்நீர்க் கிழவனிடம் அடிவாங்கிச் சாவதா?

"அப்பா, மூட்டை! மூட்டையைப் பிரிப்பா!"

பிரித்தேன். இரண்டு வருஷத்துச் சேமிப்பு. "எல்லா மருந்தையும் குடிக்கிறேன்" என்றேன்.

மாப்பிள்ளை பரிதாபமாகப் பார்த்தார். "கெட்டுப்போச்சு மாமா. பூஞ்சை பிடிச்சிருக்கு."

"பொடி?"

"கட்டியாயிடுச்சு."

"கயிறு?"

"எலி கடிச்சிருச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு, "அப்ப மூட்டையையே தூக்கி அவன் மேல போடுறேன்!" என்றேன்.

"பதிமூணு விழுந்தா படும்" என்றார்.

பகடை மேஜை விளிம்பு வரை ஓடி, சாஸரில் மோதி நின்றது. பதினான்கு.

இருட்டரசன் மூட்டைக்கு அடியில் போய்ச் சேர்ந்தார். டிரைவர் நாற்காலி மேல் ஏறிக் குதித்தார். டாக்டர் அம்மா என் முதுகில் வைத்த அறையில் எனக்கே ஒரு பல் ஆடியது. "யப்பா, என்ன சண்டை! அவனுக்கு எவ்வளவுடா பலம்?" என்று கேட்டார் டிரைவர்.

"நானூறு" என்றார் மாப்பிள்ளை, கண்ணிமைக்காமல், என்னைப் பார்த்து.

"இருக்கும் இருக்கும்" என்றேன்.

மாப்பிள்ளை அடுக்களைக்குப் போனார். தட்டுக் கழுவத்தான் போகிறார் என்று நினைத்தேன். இல்லை, விசில் அடித்துக்கொண்டே மூன்றாவது டீ போட்டார். எனக்கும் ஒரு கப் வைத்தார். மோந்து பார்த்துவிட்டுக் குடித்தேன்.

எல்லாரும் போன பிறகு, தரையில் உருண்டு கிடந்த இருட்டரசனைக் குனிந்து எடுத்தேன். வெள்ளைப் பொத்தான். ஓட்டையில் நீல நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். வெந்நீர், காற்று, கதவு எல்லாம் ஒவ்வொன்றாக மண்டையில் ஏறியது.

"மாப்பிள்ளை, இது என் பொத்தான்."

"இல்ல மாமா, அது இருட்டரசன்" என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

திருட்டுப்பயல். நான் அன்றைக்கே சொன்னேன். பொத்தானைப் பகடை டப்பாவில் போட்டு மூடினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சட்டையில் ஊக்குக் குத்திக்கொண்டு போனேன்.