செம்மண் ஊரில் கரித்தூசி

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. எழுதச் சொல்லி மிரட்டி ஒரு போஸ்ட் கார்டு வந்தது. போன தை மாதம் ஒரு வார இதழில் என் கதையோடு போட்டோவும் போட்டிருந்தார்கள். பத்தாம் நாள் நாசரேத்திலிருந்து சிவப்பு மையில் நாலு வரி:

‘ஏழு வருஷத்துக்கு முந்தி டை கட்டிக்கொண்டு என் வீட்டுக்குள் வந்தவர் நீர்தான். மீசையை எடுத்துவிட்டால் மூஞ்சி மறந்துபோகுமா? கதை எழுதுகிறீராமே. என் வீட்டுத் தூசியைப் பற்றி எழுதும். — இன்பமணி டீச்சர்.’

எனக்குக் கோபம் வந்தது. யாருக்கு யார்மேல் வர வேண்டிய கோபம் என்று யோசிக்க ஒரு வாரம் ஆயிற்று. பிறகு எழுதி அனுப்பினேன். அவர் திருத்தித் திருப்பி அனுப்பினார். அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவர் எழுதியது.

2

முதல் தொடக்கம்: ‘உப்புக்காற்று தவழ்ந்து வந்த அந்த மாலைப்பொழுதில், சக்ரபாணி என்னும் வேக்குவம் கிளீனர் விற்பனையாளன்...’

(நாசரேத்தில் கடலை எங்கே பார்த்தீர்? சக்ரபாணி யார்? உம்முடைய பேரைப் போடும்.)

போட்டுவிட்டேன். செந்தில்வேல். பத்திரிகையில் வருவது புனைபெயர்.

இரண்டாம் தொடக்கம்: ‘மனித மனம் என்பதே ஒரு தூசி டப்பா—’ இதை நானே அடித்துவிட்டேன்.

3

1991, ஆனி மாதம், சனிக்கிழமை. இன்பமணி டீச்சருக்கு விடிந்ததிலிருந்தே கை ஓயவில்லை. மத்தியானத்துக்கு மேல் மதினி வருகிறாள். மதினி என்றால் கணவரின் அக்காள் அற்புதமணி. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் வீடு. அவள் மகனுக்கு டீச்சரின் மகள் ஜீவமணியைக் கொடுப்பதாகப் பல வருஷத்துப் பேச்சு. தேதி குறிக்கத்தான் வருகிறாள்.

ஆனிக்காற்றுக்குத் தேரி மணல்மேட்டிலிருந்து செம்மண் பறந்து வந்து ஜன்னல் கம்பியெல்லாம் படியும். டீச்சர் நாளைக்கு மூன்று தடவை பெருக்குவார். சுத்தத்துக்கு அந்தத் தெருவில் அவர் வீட்டைத்தான் சொல்வார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

(கர்வம் இல்லை. உண்மை.)

நாலு மணிக்கு மதினி காப்பி குடித்துக்கொண்டிருக்கையில் வாசலில் டை கட்டிய ஒருவன் பெட்டியோடு நின்றான். வாங்க வேண்டாம், ஓட்டிக் காட்டிவிட்டுப் போகிறேன் என்றான். இன்றைக்கு வேண்டாம் என்றார் டீச்சர். மதினிதான், பார்த்தால் குறைந்தா போய்விடுவோம் என்று அவனை உள்ளே கூப்பிட்டாள்.

கட்டிலில் இலவம்பஞ்சு மெத்தை, காலையில்தான் வெயிலில் போட்டுத் தட்டியது. அவன் மிஷினை அதன்மேல் இரண்டு நிமிஷம் ஓட்டினான். தூசி டப்பாவைக் கழற்றினான். தரையில் வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் கவிழ்த்தான். ஒரு கை நிறையக் கன்னங்கரேலென்று தூசி விழுந்தது.

அடுக்களை வாசலில் பலகாரத் தட்டோடு ஜீவமணி. அவள் கண்களில் அந்தக் கணம்— வேண்டாம். அவள் அழவில்லை, தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“ஏளா இன்பம், இது மேலயா எல்லாரும் படுத்துக் கெடந்திய?” என்றாள் மதினி.

டீச்சர் குனிந்து அந்தத் தூசியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“தம்பி, எங்க ஊரு மண்ணு செவப்பு. இது கருப்பால்லா இருக்கு. டப்பாவ என் கண்ணு முன்னால கழுவும். கழுவிட்டுத் திரும்ப ஓட்டும்.”

“பழைய அழுக்கு மேடம். நாள்பட்டா கறுத்துரும்” என்றான்.

அவன் இல்லை. நான். நான் சொன்னேன். ஆறுமுகநேரியில் இன்னொரு வீடு பாக்கியிருக்கிறது என்று வாட்சைப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினேன்.

ஒரு மாதத்தில், பையனுக்கு இஷ்டமில்லை என்று சொல்லியனுப்பினாள் மதினி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார் டீச்சர். கல்யாண வீடு, அடக்க வீடு என்று போன இடமெல்லாம் மதினி அந்தத் தூசியைப் பற்றியே பேசினாள். ஜீவமணி இப்போது மதுரையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். யார் வந்தாலும் கட்டிலில் உட்கார விடமாட்டாளாம். ஓடிப்போய் நாற்காலியை எடுத்துப் போடுவாளாம்.

4

(டப்பாவை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று எழுதும். உமக்குத் தெரியுமா என்று பார்க்கிறேன்.)

தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் வேலை முடிந்ததும் டப்பாவைக் காலி செய்ய வேண்டும். பில்டரைத் தனியாக எடுத்து உதற வேண்டும். டப்பாவைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காய வைத்து, ஈரம் போன பிறகுதான் மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் தூசி சேறாகி அடைத்துக்கொள்ளும், மோட்டார் இரையும். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குத் திருநெல்வேலியில் இந்த வகுப்பை எடுத்தவனே நான்தான்.

வகுப்பு முடிந்ததும் டீக்கடையில் வேறொரு வகுப்பும் எடுப்பேன். முந்தின வீட்டுத் தூசியை முழுக்கக் கொட்டிவிடாதே, அடுத்த வீட்டில் உதவும்.

(சீ.)

5

முடிவு அ: செந்தில்வேல் கிணற்றடியில் டப்பாவைக் கழுவினான். திரும்ப ஓட்டியதில் ஒரு சிட்டிகை செம்மண் விழுந்தது. மதினி வெட்கி—

(நடக்கவில்லை. பொய்.)

முடிவு ஆ: ஏழு வருஷம் கழித்து அவன் டீச்சர் வீட்டு வாசலில் கண்ணீரோடு—

(உம்முடைய கண்ணீரை வைத்து நான் என்ன செய்ய?)

முடிவு இ: எல்லாமே மதினியின் சூழ்ச்சி. அந்தச் சம்பந்தத்தை முறிக்க அவள்—

(மதினியைக் கெட்டவளாக்க வேண்டாம். கண்ணால் கண்டதைச் சொன்னாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். உமக்கு முடிவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அது என் வீட்டுத் தூசி இல்லை என்று ஒரு வரி எழுதும். அச்சில் வரட்டும். ஜீவமணிக்கு அனுப்ப வேண்டும்.)



6

இந்தப் பகுதி டீச்சரிடம் திருத்தத்துக்குப் போகவில்லை. நேரே அச்சுக்குப் போகிறது.

டீச்சர் வீட்டுக்குப் போனதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, தூத்துக்குடியில் துறைமுகத்து ரோட்டில் ஒரு வீட்டில் மிஷினை ஓட்டிக் காட்டினேன். கப்பலிலிருந்து நிலக்கரி இறக்குகிற தூசி பகலும் இரவும் பறக்கிற இடம். மெத்தைமேல் ஓட்டிவிட்டு டப்பாவைத் திறந்தேன். அந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மூடுங்க தம்பி. இங்கன கொட்ட வேண்டாம். யாராவது பாத்தா என்ன நெனப்பாவ?”

மூடிவிட்டேன். வழக்கம்போல, அடுத்து ஓட்டிக் காட்ட உறவுக்காரர் யாருடைய முகவரியாவது கேட்டேன். நாசரேத் முகவரி ஒன்று கொடுத்தாள். “நாளைக்கு நாலு மணிக்குப் போங்க. நானும் அங்கனதான் இருப்பேன்” என்றாள்.

மறுநாள் நாசரேத்தில் அந்தத் தூசியை நான் கவிழ்த்தபோது அற்புதமணி ஒரு தடவை என்னைப் பார்த்தாள். அது தன் வீட்டுத் தூசி என்று அவளுக்குத் தெரிந்ததா, மறந்தேபோனாளா? ஏழு வருஷமாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை. எனக்குத் தெரியும். கறுப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டேதான் நாள்பட்டால் கறுக்கும் என்று சொன்னேன். அந்த வாயை நினைத்தால் எனக்கே அறையத் தோன்றுகிறது.

இந்த இதழ் வியாழக்கிழமை காலையில் நாசரேத்துக்கும் தூத்துக்குடிக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். இரண்டு வீட்டிலும் இதே பக்கத்தைத் திறப்பார்கள். அப்புறம் நடப்பதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

டீச்சர், அது உங்கள் வீட்டுத் தூசி இல்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். உங்கள் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

(                                        )