இடது பெட்டியின் ஜால்ரா

ஆயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். என் மச்சான் சார்லஸ் எங்களுக்குத் தர வேண்டிய பாக்கி அது. 2008 கார்த்திகை மழையில் சிதம்பரத்தில் அவன் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறிவிட்டது. அவன் ரிப்பேருக்கு வாங்கி வைத்திருந்த ஸ்பீக்கர்களுக்குள் அதிர்கிற கூம்புப் பேப்பர் எல்லாம் ஊறின அப்பளம் மாதிரி தொங்கின. அவன் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து தன் அக்காவின், அதாவது என் மனைவியின், முன்னால் நின்றான். ராசம்மாள் காதிலிருந்த கம்மலைக் கழற்றி அடகு வைத்துப் பணத்தைக் கொடுத்தாள். அசலும் வட்டியும் சேர்ந்துதான் இந்தக் கணக்கு.

ஒரு வருசம் ஆகப்போயிற்று. அவள் காதில் வேப்பங்குச்சிதான் இருந்தது. இந்த மாதம் முடிவதற்குள் திருப்பாவிட்டால் கம்மல் ஏலத்துக்குப் போய்விடும் என்று அடகுக்கடையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ராசம்மாள் போன் போடாமலும் இல்லை. அவள் குரல் விசில் மாதிரி. பக்கத்துத் தெரு நாய்கூட திரும்பிப் பார்க்கும். அந்தக் குரலில் அவள் பணத்தைக் கேட்பாள். அவன் "சரிக்கா, ஆவட்டுங்கா, நல்லாதாங்கா இருக்கோம்" என்று சொல்லி வைத்துவிடுவான்.

"காது கேக்காதவனாட்டம் இன்னா நடிப்பு நடிக்கிறான் பாரு, என் கூடப் பொறந்தவன்" என்று அவள் என்னைப் பார்த்து முறைப்பாள். அவனைப் பெற்றது நான்தான் என்பதுபோல.

கடைசியில் எனக்கு லீவான ஒரு நாளில் என்னைக் கிளப்பி விட்டாள். "பணத்தோட வா. இல்லன்னா அங்கியே அவன் கடையில ஒரு ஸ்பீக்கரா ஒக்காந்துக்க."

நான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கோடவுனில் மூட்டை இறக்குகிறவன். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் முதுகு எனக்குச் சொந்தம். அதையும் பஸ்ஸில் குலுக்கிக்கொண்டு சிதம்பரம் போய் இறங்கினேன். எழுத்து கற்றது நாற்பது வயதுக்கு மேல். சாயங்கால வகுப்பில் பாதி, மகள் எழிலரசியிடம் பாதி. அதனால் கண்ணில் படுகிற போர்டை எல்லாம் நின்று படித்துவிட்டுப் போகிற வியாதி எனக்கு உண்டு.

"என்னா மாமா, ஊர்ல எல்லா போர்டையும் படிச்சி முடிச்சிட்டீங்களா? பஸ் வந்து எவ்ளோ நேரம் ஆவுது!" என்று கடை வாசலிலேயே கத்தினான் சார்லஸ். அவன் எப்போதும் கத்தித்தான் பேசுவான். தொழில் அப்படி என்று நினைத்திருந்தேன்.

"உன் போர்டுதான் மச்சான் பாக்கி. அதுல கடன் குடுத்தவங்க பேரு எங்கயும் எழுதலியே."

"எழுதுனா போர்டு பத்தாது. உள்ள வாங்க."

கடை என்றால் ஒரு கதவு அகலம். நடுவில் ஒரு மேசை. அதன்மேல் ஆள் இடுப்புயரத்தில் மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒரு ஜோடி நின்றது. பளபளவென்று தேக்கு நிறம்.

"இதான் மாமா உங்க பணம்" என்று பெட்டியைத் தட்டினான். "தபாலாபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆன ஞானசேகரன் சாரோடது. சிங்கப்பூர் சரக்கு. இத முடிச்சிக் குடுத்தா ஆயிரத்தி எட்நூறு. கைக்கு வந்ததும் அப்புடியே உங்க கைக்கு."

"முடிச்சிக் குடுக்கறதுதான?"

"முடிச்சி ரெண்டு தடவ குடுத்துட்டேன். ரெண்டு தடவயும் திருப்பிக் கொண்டாந்துட்டாரு. இடது பக்கம் சரியில்லயாம். காசு குடுக்க மனசில்லாதவன் சொல்ற நொட்ட. சாயங்காலம் வராரு. இன்னிக்கும் சரியில்லன்னா பாண்டிச்சேரிக்கு எடுத்துக்கிட்டுப் போயிடுவாராம்."

வேலையில் குறை சொல்ல முடியாது. பெரிய ஸ்பீக்கரைச் சுற்றி ஒரு ஸ்பாஞ்சு வளையம் இருக்கும். கடல் காற்றில் அது பழைய ரொட்டி மாதிரி உதிர்ந்துபோகும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது வளையம் ஒட்டியிருந்தான். இரண்டு கட்டைவிரலையும் பேப்பரின்மேல் வைத்து மெதுவாக அழுத்தினான். உள்ளே கம்பிச்சுருள் எங்காவது உரசினால் விரலுக்குத் தெரிந்துவிடுமாம். குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி தொட்டான். அதற்குமேல் பெட்டியில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. ட்வீட்டர். மெல்லிய சத்தமெல்லாம் அதில்தான் வரும். அதற்கு மீட்டரை வைத்துப் பார்த்தான். முள் ஏறியது.

"பாருங்க. மீட்டர் நல்லாருக்குன்னுது. கை நல்லாருக்குன்னுது. சாரு மட்டும் இல்லன்னுறாரு."

ஒரு நடனக் கச்சேரி சிடியைப் போட்டுவிட்டு, பெரிய பேப்பரின்மேல் விரல் நுனியை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினான். நான் இரண்டு பெட்டிக்கும் எதிரே நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் கோடவுனில் மூட்டைக்குள் எலி நடந்தால் எந்த அடுக்கு என்று சொல்லிவிடுவேன். மத்தளம் இரண்டு பக்கமும் கும் கும் என்று அடித்தது. ஜால்ராவும் சலங்கையும் வலது பக்கத்திலிருந்து மட்டும் வந்தன. ஸ்டூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் போட்டுப் பார்த்தேன். இடது பெட்டியில் ஜால்ரா இல்லவே இல்லை.

"மச்சான், ஜால்ரா அந்தப் பொட்டியில மட்டும்தான் வருது."

"என்னான்றீங்க? ரெண்டுலயும்தான் வருது."

"இதுல வரல."

"அடிக்குது பாருங்க, கைய வைங்க."

"அது மத்தளம்டா."

"மாமா, நீங்க மூட்ட தூக்குங்க. ஸ்பீக்கர எங்கிட்ட விடுங்க" என்று சிரித்துக்கொண்டே ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் கம்பியை எடுக்கத் திரும்பினான்.

அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. தோளிலிருந்த துண்டை நாலாக மடித்து வலது பெட்டியின் ட்வீட்டரில் அழுத்திப் பிடித்தேன். இருந்த ஜால்ராவும் செத்துப்போயிற்று. மத்தளம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து அடிப்பதுபோல் கேட்டது.

"மச்சான்! இப்ப ஜால்ரா எப்படி வருது?" என்று அவன் மாதிரியே கத்திக் கேட்டேன்.

திரும்பாமலே சொன்னான். "கணீர்னு வருதே. சிங்கப்பூர் சரக்குன்னா சும்மாவா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத்து தெரியாத காலத்தில் ஒருவர் என் கையில் கல்யாணப் பத்திரிகை கொடுத்தார். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "பேரெல்லாம் அழகா போட்டுருக்காங்க" என்று சொன்னவன் நான். கோடவுனில் சீட்டைக் கொடுத்தால் "வெளிச்சம் பத்தல சார், நீங்களே படிங்க" என்பேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்கிற குரல் எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் இப்போது அவனிடமிருந்து வந்தது. ராசம்மாளின் விசில் குரலுக்கு அவன் சொன்ன "சரிக்கா, ஆவட்டுங்கா" எல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"சார்லஸ், இங்க திரும்பு."

திரும்பினான். என் கையையும் துண்டையும் பார்த்தான். நான் துண்டை எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன். அவன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பிறகு பாட்டை நிறுத்திவிட்டு மேசை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"எத்தினி நாளா?"

"தெரியல மாமா. திருவிழா திருவிழாவா கோன் ஸ்பீக்கர் பக்கத்துலயே படுத்துக் கெடந்தவன். கட்டக் கொரல்ல பேசறது கேக்குது. கும்முன்றது கேக்குது. இந்த மெல்லிசுதான் எப்பப் போச்சுன்னே தெரியல. ஸ்பீக்கர்காரனுக்குக் காது அவுட்டுன்னா எவன் மாமா கடைக்கு வருவான்?"

"சரி, வுடு. நான் நாப்பது வயசு வரைக்கும் எழுத்தே இல்லாம குடும்பம் நடத்துனேன். நீ ஜால்ரா இல்லாம நடத்த மாட்டியா?"

"உங்களுக்கு எழுத்து தெரியாதுன்னு அப்பவே எங்களுக்கெல்லாம் தெரியும் மாமா."

"தெரியுமா?"

"டீக்கடையில நியூஸ் பேப்பர வாங்கி விரிச்சி வெச்சிக்கிட்டு, வடை மட்டும் சாப்ட்டுட்டுப் பேப்பர மடிச்சி வெப்பீங்க. ஊரே சிரிக்கும்."

இது எனக்கு இத்தனை வருசமாகத் தெரியாது. "அக்காவும் சிரிச்சாளா?" என்று கேட்டேன். "அக்காதான் ஜாஸ்தி" என்றான். அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது.

எழுந்து இடது பெட்டியின் முதுகைத் திறந்தான். ட்வீட்டருக்குப் போகிற வழியில் மிட்டாய் அளவில் ஒரு கண்டென்சர் உட்கார்ந்திருக்கும். அதைத் தாண்டித்தான் மெல்லிய சத்தம் போக வேண்டுமாம். அதன் ஒரு கால் துருப்பிடித்து முறிந்திருந்தது. பார்வைக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டதும் விழுந்தது.

"ட்வீட்டர மட்டும் கழட்டி மீட்டர் வெச்சேன், அது நல்லாருக்குன்னு சொல்லிச்சி. சத்தம் வரலன்னு காதுக்குத் தெரிஞ்சிருந்தா அடுத்தது இதத்தான் பாத்துருப்பேன். மனுசன் ரெண்டு தடவ தலைல அடிச்சிக்கிட்டுப் போனாரு. நான் அவரப் போயி..."

வேறு கண்டென்சர் வைத்துப் பற்றவைத்தான். சிடியைப் போட்டான். இடது பெட்டியிலிருந்து ஜால்ரா சிலீரென்று வந்து என் காதில் விழுந்தது.

"வந்துடுச்சி மச்சான்!"

அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். "நெஜமா வந்துடுச்சா? அக்கா கம்மலத் திருப்பணும்னு வந்துடுச்சின்றீங்களா?"

கடன்காரன் என்னை நம்பவில்லை! "அடப்பாவி, வேணும்னா நீயும் துண்டப் போட்டுப் பாரு" என்றேன்.

விடவில்லை அவன். என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தான். அங்கே ஒரு பழைய காலண்டர். ஆணி மட்டத்தில் மூக்கு. பின்னால் துண்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, "இப்ப?" என்றான். "வலதுல மட்டும்" என்றேன். "இப்ப?" "இடதுல மட்டும்." "இப்ப?" "ரெண்டுலயும் இல்லடா, ரெண்டையும் மூடிட்டியா?" கடைசியில் என்னைத் திருப்பி நிறுத்தி, கன்னத்தைக் கிள்ளினான். ஐம்பதைத் தொடப்போகிறவனின் கன்னத்தை.

"அய்யோ மாமா, உங்கள வெச்சிக்கிட்டு நான் மீட்டருக்குக் காசு செலவு பண்ணிட்டனே!"

சாயங்காலம் ஞானசேகரன் சார் வந்தார். ஒல்லியான மனிதர். வணக்கம்கூடச் சொல்லாமல் என் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சார்லஸ் பாட்டைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் சாமியை வேண்டிக்கொண்டேன். எனக்குத் தெரிந்து ஜால்ராவுக்காக வேண்டிக்கொண்ட ஒரே மூட்டைத்தொழிலாளி நான்தான்.

பாட்டு முடிந்து அவர் கண்ணைத் திறந்தார்.

"இதத்தான நான் ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"நீங்க சொன்னதுதான் சார் கரெக்ட். தப்பு எம்மேலதான்" என்றான் சார்லஸ். அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் பேரம் பேசாமல் பணத்தை எண்ணி வைத்தார். பெட்டிகளை ஆட்டோவில் நான்தான் ஏற்றினேன். லீவு நாளிலும் விதி விடவில்லை.

சார்லஸ் எச்சில் தொட்டு எண்ணி என் கையில் வைத்தான். எண்ணிப் பார்த்தேன். ஆயிரத்து அறுநூறு.

"நாப்பது?"

"அடுத்த வாரம் வாங்க மாமா, தரேன்."

"அதான் கையில மீதி இருக்குதே!"

"இருக்குது. அடுத்த வாரம் வாங்க." அலமாரியைக் கண்ணால் காட்டினான். அங்கே வேறு மூன்று பெட்டிகள் காத்துக்கொண்டிருந்தன.

குறைந்த நாற்பதை என் சட்டைப் பையிலிருந்து போட்டு மறுநாள் கம்மலைத் திருப்பினோம். ராசம்மாள் குச்சியை எடுத்து எறிந்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். தம்பியின் காது விசயத்தைச் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் திட்டுனது ஒண்ணுகூட அவனுக்குக் கேக்கலியா?" என்று கேட்டாள். அதுதான் அவளுக்குப் பெரிய நஷ்டம். அதற்குப் பிறகு போனில் குரலைத் தாழ்த்தி ஆம்பிளை மாதிரி பேசப் பழகிக்கொண்டாள்.

நான் அடுத்த வாரம் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். ஸ்டூலில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுப்பான். பெட்டி பெட்டியாக ஓடவிடுவான். நான் எது வருகிறது, எது வரவில்லை என்று சொல்வேன். கிளம்பும்போது "நாப்பது?" என்பேன். "அடுத்த வாரம்" என்பான்.

"நாப்பது ரூபாய வசூல் பண்ணப் போறேன்னு இதுவரைக்கும் பஸ்ஸுக்கே எவ்ளோ குடுத்துருப்ப?" என்று ராசம்மாள் கேட்டாள். கேட்டுக்கொண்டே அவனுக்கென்று கருவாட்டுக் குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றி மூடினாள்.

தை பிறந்த பிறகு ஒரு நாள். டீ குடித்துவிட்டு டம்ளரை வைத்தேன்.

"மச்சான், அந்த நாப்பது ரூபாயத் தள்ளிட்டேன். இனி நீ ஒண்ணும் தர வேணாம்."

சால்டரிங் கம்பி அவன் கையில் அப்படியே நின்றது. "ஏன் மாமா? தரேன் மாமா. இந்தாங்க, இப்பவே வேணாலும்... இல்ல, அடுத்த வாரம்..."

"கணக்கு முடிஞ்சிதுடா."

"அப்ப இனிமே வர மாட்டீங்களா?"

"அக்கா ஊட்டுக்காரன் வர்றதுக்குக் கடன் ஒண்ணு வேணுமா உனக்கு? டீய மட்டும் கொஞ்சம் பெரிய டம்ளர்ல வாங்கு."

அவன் அலமாரியிலிருந்து அடுத்த பெட்டியை இறக்கி என் முன்னால் வைத்து, ஒயரைச் சொருகினான். நான் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டூலை நடுவில் இழுத்துப் போட்டேன்.